பழுப்பு ரொட்டியும் அக்காவின் ஊசியும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதை எடுத்ததில்லை. தெருவுக்கும் பேக்கரிக்கும் அவன் மாவு. காதுமடலிலும் புருவத்திலும் எப்போதும் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் எங்கேயாவது ஒரு பொட்டு மிச்சமிருந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் பெயர் அதனால் வரவில்லை. அரை டிராயர் போட்ட வயதில் அவனுடைய அக்கா வைத்த பெயர் அது. "யார் பிசைஞ்சாலும் பிசைய விடறான், எப்படி உருட்டினாலும் உருளறான். இவன் மனுஷன் இல்ல, மாவு" என்றாள். பிறகு அவனுக்குக் கிடைத்த வேலையும் அதுவாகவே அமைந்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது. துணி தைக்கும் ஃபேக்டரியில் சேர்ந்தாள். மெஷினில் உட்கார்ந்தவள் சில வருஷங்களில் எழுந்து நின்று மற்றவர்களை விரட்டுகிறவள் ஆனாள். சூப்பர்வைசர். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் எங்கே தையல் கோணல் என்று கண்டுபிடிக்கும்வரை கீழே வைக்க மாட்டாள். மனிதர்களையும் அப்படித்தான் எடுத்துப் பார்ப்பாள். தம்பிக்குச் சோறு போட்டாள், படிக்க வைத்தாள், காய்ச்சல் வந்தால் விடிய விடிய பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃபேக்டரியின் மர அளவுகோலால் முட்டிக்குக் கீழே விளாசவும் செய்தாள். ஒரு நல்ல வார்த்தை மட்டும் சொன்னதில்லை. அது அவளிடம் ஸ்டாக்கே இல்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்காகத் தியாகம் செய்தாள் என்று தெருவில் சொல்வார்கள். அவளை நெருங்கிப் பழகியவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: யாரோ ஒரு ஆண்பிள்ளை தப்பித்தான். மாவுக்குப் பெண் பார்த்தது அவள்தான். பார்த்துவிட்டு வந்து, "மூக்கு கோணல். மத்தபடி உனக்கு இதுவே அதிகம்" என்றாள். அந்தக் கோணல் மூக்குக்காரி இதை இன்றுவரை மறக்கவில்லை.

வீடு ஒன்று, தளம் இரண்டு. மேலே அக்கா, கீழே மாவும் மனைவியும். நடுவில் இருந்தது வெறும் மரப்பலகைதான். ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றபோது அக்கா அந்த அளவுகோலையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ரேடியோ சத்தமா, அதால் தரையில் தட்டுவாள். கீழே யாரோ சிரித்தார்களா, தட்டுவாள். தாளிக்கிற நெடி மேலே வந்தால் அதற்கும் தட்டுவாள். தட்டினால் மாவு மாடிப்படி ஏறிப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குவான். வயதாக ஆக அவன் ஏறுவது குறைந்தது. மனைவி ரேடியோவை இன்னும் கொஞ்சம் திருகிவிடுவாள். அந்த வீட்டில் மூன்று பேரும் அப்படி வாழப் பழகியிருந்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான், கடைசியில் என்ன ஆனது என்று தெரியாவிட்டால்.

பேக்கரியில் மாவு கெட்டிக்காரன். விடியும் முன்னால் தொடங்கி, மற்றவர்கள் காலை டீ குடிக்கும்போது வேலை முடித்துவிடுவான். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளினாலே இந்த மாவு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அவன் விரலுக்குத் தெரியும். அந்தத் தொழிலின் முதல் பாடம் அது. மாவு மாறினால் தண்ணீரை மாற்று. ரொட்டி வாங்குகிறவனுக்கு மட்டும் எதையும் சொல்லாதே. அவனுக்கு வேண்டியது நேற்றைய ரொட்டி போலவே இன்றும் ஒரு ரொட்டி. இந்த இரண்டையும் மாவு முப்பது வருஷமாக மீறியதில்லை.

அவன் சுட்டதில் அக்கா குறை சொல்லாத பண்டம் கிடையாது. முதல் சம்பளத்தன்று பன் கொண்டுவந்து கொடுத்தான். உப்பு பத்தவில்லை என்றாள். பிஸ்கட் கொண்டுவந்தான். பல்லில் ஒட்டுகிறது என்றாள். முதலாளியே தட்டிக்கொடுத்த வெண்ணெய் கேக்கைக் கொண்டுவந்தபோது, "இதுக்கா அவ்வளவு சம்பளம் குடுக்கறாங்க" என்று கேட்டாள். வேறு ஒருவனாக இருந்தால் போதுமடா சாமி என்று நிறுத்தியிருப்பான். மாவு நிறுத்தவில்லை. வாரம் தவறாமல் ஏதாவது ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு படியேறி, அவள் மெல்லும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஐம்பது வயது தாண்டிய ஆண்பிள்ளை அப்படி நிற்பதைப் பார்க்க அவன் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழுப்பு ரொட்டி முதலாளியின் யோசனை. ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது, வெள்ளை ரொட்டியைப் பார்த்தாலே பயப்படுகிறார்கள், அவர்களுக்கென்று ஒன்று போடலாம் என்றார். முழுத் தானிய மாவில் செய்து பார்த்தார்கள். கனமாக வந்தது, சீக்கிரம் காய்ந்தது, வாங்கியவர்கள் தொண்டையில் இறங்கவில்லை என்றார்கள். முதலாளி தலையைச் சொறிந்துவிட்டு மாவைக் கூப்பிட்டார்.

"அதே வெள்ளை மாவையே போடு. நிறத்துக்கு மட்டும் ஏதாவது பண்ணு."

மாவு பண்ணினான். இரும்புச் சட்டியில் சர்க்கரையைக் கொட்டிக் கருக்கி, கசப்பதற்கு ஒரு நொடி முன்னால் தண்ணீர் ஊற்றி இறக்கினால் கரும்பழுப்பாக ஒரு பாகு வரும். அதை ஊற்றிப் பிசைந்தால் வெள்ளை ரொட்டி பழுப்பு ரொட்டியாகிவிடும். மேலே காட்சிக்கு ஒரு பிடி தவிடு. மெத்தென்று இருப்பதற்குக் கொஞ்சம் இனிப்புப் பாகும் சேர்த்தான். சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்றது என்று முதலாளி பலகை எழுதி வைத்தார். சர்க்கரையையே கருக்கி ஊற்றிய ரொட்டிக்கு அப்படி ஒரு பலகை. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

அக்காவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷமாகியிருந்தது. மாத்திரையில் அடங்காமல் இன்சுலின் ஊசிக்கு வந்திருந்தாள். ஊசி தொடங்கிய நாளில் கிளினிக்குக்கு மாவுதான் கூட்டிப் போனான். அங்கே இருந்த நர்ஸ் பொறுமைசாலி. எந்தச் சாப்பாடு என்ன செய்யும் என்று உட்கார வைத்துச் சொன்னாள்.

"வெள்ளை ரொட்டி, மசிச்ச உருளைக்கிழங்கு, பழ ஜூஸ் எல்லாம் உள்ள போன உடனே சர்க்கரையா மாறி ரத்தத்துல கொட்டும்மா. பயறு, தவிட்டோட இருக்கிற தானியம் எல்லாம் மெதுவாத்தான் வரும், கொஞ்சமாத்தான் வரும். முட்டை அனேகமா ஏத்தவே ஏத்தாது. உங்க ஃபேக்டரிக்கு லாரி வரும்ல, அந்த மாதிரி நினைச்சுக்குங்க. எவ்வளவு லோடு வருதோ அதுக்குத் தகுந்த ஆளை இறக்க அனுப்பறோம். அந்த ஆளுங்கதான் இந்த ஊசி."

"லோடு வரலன்னா?" அக்கா கேட்டாள். சூப்பர்வைசர் அல்லவா.

"வந்த ஆளுங்க சும்மா நிக்க மாட்டாங்க. உள்ள இருக்கிற கொஞ்சநஞ்ச சரக்கையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கை நடுங்கும், வேர்க்கும், கோவம் கோவமா வரும், அப்புறம் நினைவு போயிடும். அதனாலதான் சொல்றேன், சாப்பாட்டை மாத்தினா ஊசி அளவையும் மாத்தணும். என்கிட்ட சொல்லாம எதையும் மாத்தாதீங்க. அப்படி ஏதாவது ஆச்சுன்னா உடனே சர்க்கரைத் தண்ணி குடிச்சிடுங்க."

"நான் எதையும் மாத்தறவ இல்ல" என்றாள் அக்கா. அது உண்மை. அவள் அளவு என்றால் அளவு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஊசி, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பாடு. வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மிஷினை நர்ஸ் கொடுத்தபோது மட்டும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். "தினமும் என்னைச் சந்தேகப்படற சாமான் எனக்கு எதுக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற மாவு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் வழியில், "உங்க கடையில பழுப்பு ரொட்டி போடறாங்களாமே, நாளைக்கு எடுத்துட்டு வா" என்றாள் அக்கா.

எடுத்துக்கொண்டு போகும்போதே சொல்லிவிடுவது என்றுதான் மாவு படியேறினான். இது வேண்டாம் அக்கா, இது வெறும் சாயம். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். வழக்கம்போல அவன் கண் அவள் முகத்துக்குப் போனது. மென்றாள். இன்னொரு துண்டு பிய்த்தாள். புருவம் ஏறவில்லை, உதடு சுழியவில்லை.

"இது பரவாயில்ல. நீயா சுட்டே?"

"ஆமாக்கா."

"பரவாயில்லடா. இத்தனை வருஷத்துல உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கே."

நாக்கு நுனியில் இருந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. கீழே வந்து அக்கா சொன்னதை மனைவியிடம் ஒரு வார்த்தை விடாமல் இரண்டு தடவை சொன்னான். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பேக்கரியில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அது வெள்ளை மாவுன்னு சொன்னீங்களா?"

"சொல்லலாம். மெதுவா சொல்லலாம்."

ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கைக்கும் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் ஒரு பித்தலாட்டத்துக்கு. அதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் உண்டு. ஆனாலும் அந்தப் பசி என்ன என்று புரியாதவர்கள் அவனைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

அடுத்த மாதங்களில் நடந்தது இதுதான். அக்கா தினமும் காலையில் ஊசி போட்டுக்கொண்டு நான்கு துண்டு பழுப்பு ரொட்டி சாப்பிட்டாள். கிளினிக்கில் சோதித்தால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை எகிறியிருந்தது. டாக்டர் காலை ஊசியின் அளவைக் கூட்டினார். அடுத்த முறையும் எகிறியிருந்தது, இன்னும் கூட்டினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் துருவித் துருவிக் கேட்டாள். "என் சாப்பாட்டுல தப்பு கிடையாது. உங்க மருந்துலதான் தண்ணி கலந்திருக்கு" என்று அக்கா முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை நிறுத்தினாள். வாழைப்பழத்தை நிறுத்தினாள். சோறு ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. டீயில் போட்டுக்கொண்ட அரை ஸ்பூன் சர்க்கரையையும் விட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மற்றதெல்லாம் போகப் போக, பயமில்லாமல் சாப்பிட அவளுக்கு மிச்சமிருந்தது தம்பியின் ரொட்டி ஒன்றுதான். மாவு அதைத் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்சுலின் அளவு அந்தப் பொய் ரொட்டிக்குச் சரியாக வந்து நின்றது, ஏறக்குறைய.

ஏறக்குறைய என்பது காலுக்குப் போதவில்லை. செருப்புக் கடித்து வலது கால் விரலில் ஒரு புண் வந்தது. சாதாரணமாக நாலு நாளில் ஆறுகிற சிராய்ப்பு. அது ஆறாமல் உள்ளே போனது, கறுத்தது, நாற்றம் எடுத்தது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

அன்று அக்காவைக் கைத்தாங்கலாக மாடியேற்றிக் கட்டிலில் உட்கார வைத்தான். அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், காலை எடுத்துட்டா இந்தப் படியை எப்படிடா ஏறுவேன்?"

அவன் ஒரு தலையணையை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தான்.

"எல்லாத்தையும்தான் விட்டுட்டேனே. உன் ரொட்டியைத் தவிர வேற எதையும் கையால தொடறதில்ல. அப்படி என்னதான்டா தப்புப் பண்றேன், சொல்லு."

அக்கா யாரிடமும் தன் தப்பு என்ன என்று கேட்டவள் இல்லை. கேட்டது அந்த ஒரு முறைதான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மாவு வாயைத் திறந்தான், "எல்லாம் சரியாயிடும்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டான். நான் முன்னே சொன்ன கோபம் இந்த இடத்துக்குத்தான்.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கலாம்.

தவிடு, உடைத்த தானியம், சோயா மாவு, எள்ளும் ஆளிவிதையும், நாலைந்து முட்டை. வெள்ளை மாவு பேருக்குக் கூட இல்லை, பாகு ஒரு சொட்டு இல்லை. பேக்கரியில் எல்லோரும் போன பிறகு ஓவனின் கடைசிச் சூட்டில் தனியாகச் சுட்டுப் பார்த்தான். முதல் முறை செங்கல். இரண்டாவது முறை பாதி செங்கல். தானியத்தை ஊறவைத்துப் பிசைந்த மூன்றாவது முறை ரொட்டி நிமிர்ந்து நின்றது, வெட்டினால் உதிரவில்லை, நிறமும் அதே பழுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அக்காவுக்கு வித்தியாசம் தெரியாது என்பதில்தான் அவனுக்கு அதிகச் சந்தோஷம்.

"சொல்லிட்டுக் குடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா, அப்ப இத்தனை நாள் குடுத்தது என்னன்னு கேப்பா."

"கேக்கட்டுமே. திட்டு வாங்கறது உங்களுக்குப் புதுசா?"

"திட்டினா பரவாயில்ல. இனிமே என் கையால எதையும் வாங்க மாட்டா."

நர்ஸ் சொன்னது அவனுக்கு மறந்துவிடவில்லை. சாப்பாட்டை மாற்றினால் சொல்ல வேண்டும் என்றாள். ஆனால் அது கெட்டதுக்கு மாற்றினால் அல்லவா, நல்லதுக்கு மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று அவன் மனதைச் சரிசெய்துகொண்டான். வாங்குகிறவனுக்குச் சொல்லாமல் சரக்கை மாற்றுவது அவனுக்குப் பழகிய வேலை. அந்தக் காலையில் விசிலடித்துக்கொண்டே படியேறி, மேஜைமேல் ரொட்டியை வைத்துவிட்டு வந்து படுத்தான்.

முதல் நாள் அக்கா நான்கு துண்டையும் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னலிலிருந்து பால்காரனைப் பிடித்துக்கொண்டாள். பாலில் தண்ணீர், உன் அப்பன் காலத்திலிருந்தே தண்ணீர் என்று தெருவே நின்று கேட்கும்படி கத்தினாள். நெற்றியில் வேர்வை வழிந்தது, கை நடுங்கியது. பார்த்தவர்கள், இன்றைக்கு அம்மாவுக்கு ஃபுல் ஃபார்ம் என்று சிரித்துக்கொண்டு போனார்கள். வேறு யாராவது அப்படிக் கத்தியிருந்தால் என்னவோ ஏதோ என்று ஒருவராவது ஏறிப் போய்ப் பார்த்திருப்பார்கள். அக்கா கத்தினால் அது அக்கா. மதியச் சோறு அவளை அன்றைக்குக் காப்பாற்றியது.

சாயங்காலம் மாவு போய் நின்றபோது, "என்னடா ரொட்டி இது, பல்லுக்கு வேலை வைக்குது" என்றாள்.

"கொஞ்சம் கூட வெந்துடுச்சுக்கா. நாளைக்குச் சரியா இருக்கும்."

மறுநாளும் அதே ரொட்டி. அக்கா ஊசியைப் போட்டுக்கொண்டாள். அளவு ஒரு கோடு கூடுதல் இல்லை, ஒரு கோடு குறைவில்லை. தட்டில் நான்கு துண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றைக் கடித்தாள். ஆட்டம் கண்டிருந்த பல் வலித்தது, வயிறும் அடைத்தாற்போல இருந்தது. ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. வெள்ளை மாவும் பாகும் நான்கு துண்டு வரும் என்று எதிர்பார்த்துக் கூட்டிக் கூட்டி வைத்த அத்தனை ஆட்களும் உள்ளே வந்து நின்றார்கள். லோடு வரவில்லை.

கீழே மாவு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். மேலே அளவுகோல் தட்டியது.

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் மனைவி. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் என்று நினைத்தாள்.

மறுபடி தட்டியது. விட்டு விட்டு, தாளமில்லாமல். பிறகு ஏதோ உருண்ட சத்தம். பிறகு தட்டல், பலகையில் நேராகப் படாமல், இழுத்தாற்போல.

"ரொட்டி வேகலன்னு சொல்லப் போறா" என்று மாவு தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு புரண்டு படுத்தான். "எழுந்து போய்க்கறேன், இப்ப விடு."

மனைவி ரேடியோவைக் கொஞ்சம் திருகினாள். இரண்டு பாட்டுக்குப் பிறகு தட்டல் நின்றது.

"அப்பாடா" என்றாள்.

மதியம் தாண்டி, முகம் கழுவிக்கொண்டு, இன்றைக்காவது பரவாயில்லை என்பாளா என்று யோசித்துக்கொண்டே மாவு படியேறினான். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. சமையல் மேடையில் டிராயர்கள் எல்லாம் இழுத்துக் கிடந்தன. சர்க்கரை டப்பா மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். அவளே கழுவிக் கவிழ்த்து வைத்த டப்பா. நர்ஸ் சொன்னது அவளுக்கு நினைவிருந்திருக்கிறது, தேடியிருக்கிறாள், வீட்டில் ஒரு சிட்டிகை இல்லை. அக்கா தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, தாடை மட்டும் மென்றுகொண்டே இருந்தது. வாய் ஓரத்தில் தானியத் துணுக்குகள். விழுந்த பிறகு கைக்கு எட்டிய ரொட்டியைப் பிய்த்துத் திணித்துக்கொண்டிருக்கிறாள். பழைய ரொட்டியாக இருந்தால் ஒருவேளை அதுவே அவளைத் தூக்கி உட்கார வைத்திருக்கும். இது நல்ல ரொட்டி. மெதுவாகத்தான் வரும், கொஞ்சமாகத்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உயிர் நின்றது. மூளை வெகு நேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்துவிட்டது, போனது எவ்வளவு திரும்பும் என்று தெரியாது என்றார் டாக்டர். கிளினிக் நர்ஸ் கேள்விப்பட்டு ஓடி வந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"எப்பவும் சாப்பிடறதுதான்" என்றான் மாவு.

"அதே ரொட்டியா?"

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"அதே ரொட்டிதான்."

"அப்படின்னா ஊசியிலதான் தவறியிருக்கணும். கண்ணு சரியா தெரிஞ்சிருக்காது. அளவைக் கூட ஏத்திட்டாங்க பாவம்."

மாவு தலையாட்டினான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். வாழ்க்கையில் ஒரு நூலளவு பிசகாதவள் என்று அக்காவுக்கு இருந்த ஒரே மரியாதையும் அந்தத் தலையாட்டலில் போனது. எவ்வளவு கறாராக இருந்த பொம்பிளை, கடைசியில் தன் ஊசியையே சரியாகப் போடத் தெரியவில்லை பார் என்று தெருவில் உச்சுக்கொட்டினார்கள். பால்காரன் மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக உச்சுக்கொட்டினான்.

பெஞ்சில் உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாவுக்கு உறைத்தது. மாவு மாறினால் தண்ணீரை மாற்ற வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிகிற விஷயம். அவன் மாவை மாற்றிவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டிருந்தான். எழுந்து ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போய்க் கையை முழங்கைவரை கழுவினான்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து கீழ் அறையில் போட்டார்கள். மாடி காலியாகிவிட்டது. மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள், குறை சொல்ல முடியாது. நர்ஸ் சொன்ன அளவில் பயறு, வேகவைத்த முட்டை, கைப்பிடி சோறு, அதற்குத் தகுந்த ஊசி. விரலைக் குத்திப் பார்க்கும் மிஷினுக்கு அக்கா இப்போது சாதுவாகக் கையை நீட்டுகிறாள். சர்க்கரை சொன்னபடி கேட்கிறது. கால் புண் ஆறிவிட்டது. புதுத் தோல் பளபளவென்று வந்திருக்கிறது, விரல் ஒன்று கூடப் போகவில்லை. டாக்டர் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

அந்தக் காலால் எங்கே போக வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. எழுப்பினால் எழுந்திருப்பாள், உட்கார வைத்தால் உட்காருவாள். ரேடியோ எவ்வளவு சத்தமாகப் பாடினாலும் சிரித்த முகமாக இருப்பாள். "இப்பத்தான் மாவு மாதிரி இருக்காங்க" என்று ஒருநாள் மனைவி சொல்லிவிட்டு, உடனே உள்ளே போய் அழுதாள்.

பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பயறு ஊட்டினால், "பரவாயில்ல" என்பாள். மாத்திரை கொடுத்தால், "பரவாயில்ல" என்பாள். வெறும் தண்ணீருக்கும் அதுதான்.

மாவு இன்னும் அதே பேக்கரியில்தான் இருக்கிறான். பழுப்பு ரொட்டி நன்றாகப் போகிறது, பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் அக்கா பக்கத்தில் உட்காருவான். ஒருநாள் ஓவனில் மறந்துபோய்க் கரியாகிவிட்ட ஒரு ரொட்டியை, குப்பைக்குப் போக வேண்டியதை, காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தான். கறுத்த ஓரத்தில் ஒரு துணுக்கைப் பிய்த்து அவள் வாயில் வைத்துவிட்டு, பழைய வழக்கப்படி முகத்தைப் பார்த்தான். அக்கா மென்றாள். கசப்பு அவள் முகத்தில் எங்கும் தட்டவில்லை.

"பரவாயில்ல" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு. யாரு சுட்டது?"

மாவு காகிதத்தை மடித்தான்.

"கடையில வாங்கினதுக்கா" என்றான்.